ஆறு மாத விரதம், அரை நாள் வேட்டை

ஆரணியில் கடல் இல்லை. கமண்டல நாகநதி என்று கம்பீரமான பெயர் பூண்ட ஆறு ஒன்று உண்டு. ஆனால் மழைக் காலம் நீங்கலாக ஏனைய நாட்களில் அதில் மணலே பிரதானம். இவ்வூரில் விடிந்தது முதல் நம் காதில் விழுவது அலையோசை அன்று, தறியோசை. இப்படிப்பட்ட பட்டு நெசவு ஊரிலிருந்துகொண்டு மீன்பிடிப் பந்தயங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தால், "தறிக்காரர் ஊரில் தூண்டிற்காரர் புராணமா?" என்று நேயர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும், முழுதும் வாசித்த பிறகு, இந்தப் புராணம் ஏரியுள்ள எல்லா ஊர்களுக்கும் உரியது என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள் என்பது நம் நம்பிக்கை.

மீன் பிடிப்பதில் போட்டி வைப்பது மேல்நாட்டாரின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அமெரிக்காவில் வட கரோலினா ராஜ்யத்தின் கடலோரத்தில், ஹாட்டரஸ் முனை என்னும் பிரதேசத்தில், 1950-களிலிருந்து இத்தகைய பந்தயங்கள் நடந்து வருகின்றன. அங்கே போட்டிக்காரர்கள் படகேறிக் கடலுக்குள் செல்வதில்லை. அலை வந்து மடிந்து நுரைக்கும் இடத்தில் நின்றுகொண்டு, ஆளுயரத்தைக் காட்டிலும் நீண்ட கழியினால் தூண்டிலை அலைகளுக்கு அப்பால் வீசுகிறார்கள். இலையுதிர் காலத்தில் மீன் கூட்டங்கள் கரையோரமாக இடம் பெயர்ந்து செல்லும். பந்தயமும் அந்தப் பருவத்தை ஒட்டியே நடக்கும். கோஷ்டி கோஷ்டியாகச் சேர்ந்து பிடிப்பார்கள். பிடித்ததைப் புள்ளிக் கணக்கிட்டு, வென்ற கோஷ்டிக்குக் கேடயமோ கோப்பையோ வழங்குவார்கள்.

நம்முடைய சோழமண்டலக் கரையிலும் அலைவாயில் நின்று மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கரைவலை இழுக்கும் காட்சியைக் கண்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள். வலைக்கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, படகு கடலுக்குள் சென்று, அரைவட்டமாக வலையை விரித்துக்கொண்டே வந்து, மறு முனையைக் கொஞ்ச தூரம் தள்ளிக் கரை சேர்க்கும். இரு முனைகளிலும் ஆட்கள் வரிசையாக நின்று, பாட்டின் தாளத்துக்கு ஒத்து இழுப்பார்கள். ஆனால் அது வயிற்றுப் பிழைப்பு. அதில் பந்தயத்துக்கு இடமில்லை. பந்தயத்தின் பரபரப்பும் திருவிழாவின் குதூகலமும் ஒன்றாகக் கலந்த மீன்பிடிப்பைத் தமிழ்நாட்டில் காணவேண்டுமானால், நாம் கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குத் திரும்ப வேண்டும். பாண்டிய நாட்டுக் கண்மாய்க் கரைகளுக்குப் போக வேண்டும்.

வெள்ளை வீசும் வேளை

நம் வட ஆற்காட்டுப் பக்கத்தில் நாம் ஏரி என்று சொல்வதை மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் ஜில்லாக்களில் கண்மாய் என்கிறார்கள். மேலூர், நத்தம், சிங்கம்புணரி, பொன்னமராவதி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில், கோடை முற்றிய காலத்தில், "மீன்பிடித் திருவிழா" என்று ஒன்று நடக்கிறது. கிராமத்துப் பேச்சில் அதையே "கம்மாய் அழியுது" என்பார்கள். அழிவு என்ற சொல்லைக் கேட்டு யாரும் கலங்க வேண்டியதில்லை. அந்த அழிவுக்குள் எவ்வளவு பெரிய காப்பு அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்புகிறது. வரத்துக் கால் வழியாகப் புது வெள்ளத்தை எதிர்த்து மீன்கள் ஏறி வருகின்றன. அவற்றை "ஏற்று மீன்" என்று சொல்வது வழக்கம். தை, மாசி வரையில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. நெல் அறுவடை ஆகிறது. பங்குனி, சித்திரையில் வெயில் ஏற ஏறக் கண்மாயின் நீர் சுருங்குகிறது. மார்பளவு இருந்தது இடுப்பளவாகி, இடுப்பளவு முழங்காலளவாகிறது. பரந்த நீரில் பரவியிருந்த மீனெல்லாம் நடுப்பள்ளத்தில் வந்து நெருங்குகின்றன. கரையில் நிற்கும் சிறு பையனுக்குக் கூட மீன் துள்ளுவது தெரியும். நாவில் நீர் ஊறும். ஆனால் கை நீளக் கூடாது. ஏனென்றால், ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது. தண்ணீர் நிறைந்த நாள் முதல் ஊர் கூடிக் குறித்த நாள் வரையில் தூண்டிலும் வலையும் கண்மாயில் படக் கூடாது என்பதே அந்தக் கட்டுப்பாடு. பெரிய வீட்டுப் பிள்ளைக்கும் அதே விதி, கூலிக்காரன் பிள்ளைக்கும் அதே விதி.

பிறகு ஒரு நாள் ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறிக்கிறார்கள். முன்னாளில் தண்டோரா போட்டார்கள். இந்நாளில் கைப்பேசி அந்த வேலையைச் செய்கிறது. அதனால் முன்பு பக்கத்துக் கிராமங்களோடு நின்ற செய்தி இப்போது பக்கத்து ஜில்லாக்களுக்கும் எட்டுகிறது. முதல் நாள் இரவே வண்டிகளில் ஜனங்கள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். கிழக்கு வெளுக்கும்போது கண்மாய்க் கரை முழுவதும் மனிதத் தலைகள். ஆண்கள், பெண்கள், கிழவர்கள், பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகள் எல்லோரும் நீரின் விளிம்பில் வந்து நிற்கிறார்கள். ஒருவரும் இறங்குவதில்லை. கரையில் வீற்றிருக்கும் கிராம தேவதைக்கு முதலில் பூஜை நடக்கிறது. பூஜை முடிந்ததும் அம்பலக்காரர் அல்லது ஊர் முக்கியஸ்தர் ஒருவர் மேட்டில் ஏறி நின்று, வெள்ளைத் துண்டை உயர்த்தி வீசுகிறார். "வெள்ளை வீசுதல்" என்று இதற்குப் பெயர்.

அவ்வளவுதான். அடுத்த கணம் கண்மாய் கலங்குகிறது. ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் இறங்கினால் தண்ணீர் என்ன ஆகும்? சேறும் நீரும் ஒன்றாகி, மூச்சுத் திணறிய மீன்கள் மேலே துள்ளுகின்றன. "அதோ விரால்!" என்று ஒருவன் கூவ, அது இன்னொருவன் காலிடையே புகுந்து, மூன்றாமவன் கூடையில் போய் விழும். வெயில் உச்சிக்கு ஏறும் முன் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆறு மாத விரதத்துக்கு அரை நாள் பாரணை!

ஊத்தாவும் உறவினர்களும்

இந்த வேட்டைக்கு உரிய தனிப்பெரும் கருவி ஊத்தா. மூங்கிற் பிளாச்சுகளையோ குச்சிகளையோ வரிசையாகக் கட்டி, மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் செய்த அடியில்லாத கூடை அது. இரண்டு கைகளாலும் அதைத் தூக்கி நீருக்குள் ஓங்கிக் குத்த வேண்டும். உள்ளே மீன் அகப்பட்டிருந்தால் அது பக்கங்களில் மோதும்; அந்த அதிர்ச்சி பிடித்திருப்பவன் கைக்குத் தெரியும். உடனே மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி மீனை எடுக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. உள்ளே இருப்பது விராலா, முள்ளால் குத்தும் கெளுத்தியா, கொட்டினால் தேள் கடுப்பே கடுக்கும் தேளியா என்பது கையை விட்ட பிறகுதான் தெரியும்! தண்ணீர்ப் பாம்பும் சில சமயம் உள்ளே விருந்தாளியாக இருப்பதுண்டு.

ஊத்தா இல்லாதவர்கள் கூடையும் கச்சா வலையும் கொண்டு வருகிறார்கள். பெண்கள் இருவர் ஒரு பழைய சேலையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு அரித்துச் செல்வார்கள். கொசுவலை கூட அன்றைக்கு மீன்வலை ஆகிவிடும். சில ஊர்களில் ஊத்தா தவிர வேறு எதையும் அனுமதிப்பதில்லை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெரிய வலை ஒன்றைப் பணம் படைத்த ஒருவன் விரித்தால் மற்றவர்களுக்கு மீன் மிஞ்சாது. ஊத்தாவோ ஒரு குத்துக்கு ஒரு மீனுக்கு மேல் பெரும்பாலும் தராது. ஆகவே எல்லோருடைய பலமும் ஏறக்குறைய ஒரு மட்டத்துக்கு வந்துவிடுகிறது.

இந்த எளிய கூடைக்கு உலகமெங்கும் உறவினர்கள் உண்டு. இலங்கையில் "கரக்க" என்ற பெயரில் இதே கூடை இருக்கிறது. அஸ்ஸாமில் இதற்குப் "போலோ" என்று பெயர். அங்கே தை மாதப் பிறப்பை ஒட்டி வரும் போகாலி பிஹு பண்டிகைக்கு முன்னதாக, கிராமத்தார் திரண்டு ஏரிகளிலும் சதுப்பு நீர்நிலைகளிலும் இறங்கி மீன் பிடித்து, இரவில் கூட்டாகச் சமைத்து விருந்துண்கிறார்கள். நம்முடையதைப் போலவே அதுவும் அறுவடைக்குப் பிந்திய விழாவாகும். நெல்லும் மீனும் ஒரே தண்ணீரின் இரு குழந்தைகள் என்பதை இரு நாட்டுக் குடியானவர்களும் கண்டறிந்திருக்கிறார்கள்.

பரிசு இல்லாத பந்தயம்

வேட்டையில் அகப்படும் மீன்களில் ராஜா விரால்தான். அது காற்றையும் சுவாசிக்கக் கூடியது. தண்ணீர் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து உயிர் தாங்கும். குஞ்சு பொரித்த பிறகு பெற்றோர் உடனிருந்து காவல் காக்கும். செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே நீந்தினால் கீழே தாய் மீன் இருக்கிறது என்று கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். விராலுக்கு அடுத்தபடி குறவை, கெளுத்தி, கெண்டை, ஆரால், உளுவை. மதுரைச் சீமையார் உயிரினும் மேலாக மதிக்கும் அயிரை. இவற்றோடு பின்னாளில் வந்து குடியேறியவை கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கங்கைக் கரை மீன்கள். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும் இப்போது இல்லாத கண்மாய் இல்லை.

இவ்வளவு பெரிய பந்தயத்தில் வெற்றி பெற்றவருக்குப் பரிசு என்ன? ஒன்றும் இல்லை! தராசு கிடையாது, புள்ளிக் கணக்கு கிடையாது, கோப்பை கிடையாது. யார் கூடையில் பெரிய விரால் இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொள்வதோடு சரி. பிடித்த மீனை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைப்பதே முறை என்று கருதுகிறார்கள். மீன் கிடைக்காதவர்களுக்கும், நீரில் இறங்க முடியாத முதியவர்களுக்கும், பக்கத்து வீட்டாருக்கும் ஒரு பங்கு போகிறது. அன்று மத்தியானம் ஊருக்குள் நுழைந்தால் எந்த வீட்டு அடுப்பிலும் ஒரே மணம்தான்.

கோப்பை இல்லாத பந்தயத்துக்கு இத்தனை ஜனங்கள் ஏன் வருகிறார்கள் என்று பட்டணத்து நண்பர்கள் கேட்கலாம். இதில் உண்மையான போட்டி திருவிழா நாளன்று நடப்பதே இல்லை என்பது நம் கருத்து. அது முந்திய ஆறு மாதமும் நடந்து முடிந்துவிடுகிறது. ஒவ்வொருவனும் தன் சொந்த ஆசையோடு போட்டியிட்டு வென்றிருக்கிறான். கண்ணெதிரே துள்ளும் மீனைப் பிடிக்காமல் விட்டவர்கள் எல்லோருமாகச் சேர்ந்துதான் அந்தக் கண்மாயை நிறைத்திருக்கிறார்கள். அந்த வெற்றிக்குத்தான் அன்றைய வேட்டை பரிசு.

இதற்குச் சான்று தேடி ஆப்பிரிக்கா கண்டம் வரையில் செல்லலாம். நைஜீரியா தேசத்தின் வடமேற்கில் கெப்பி ராஜ்யத்தில் ஆர்குங்கு என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1934-ஆம் வருஷத்தில், அயல் அரசான ஸொகோட்டோவின் சுல்தான் விஜயம் செய்தபோது அவரைக் கௌரவிக்கப் பெரிய மீன்பிடி விழா ஒன்று நடத்தினார்கள். நெடுநாள் பகை கொண்டிருந்த இரு அரசுகளுக்கும் இடையே அது சமாதானத்தின் அடையாளமாயிற்று. அது முதல் அந்த விழா பிரசித்தி அடைந்தது. ஆயிரக்கணக்கான ஆண்கள் ஆற்றங்கரையில் வரிசையாக நின்று, சமிக்ஞை கிடைத்ததும் கைவலையோடும் பெரிய சுரைக்குடுக்கையோடும் நீரில் பாய்வார்கள். ஒரு மணி நேரத்துக்குள் யார் மிகப் பெரிய மீனைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. 2005-ல் வென்ற மீன் 75 கிலோ எடை இருந்தது. 2016-ஆம் வருஷம் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதை மனித குலத்தின் கலாசாரச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

ஆர்குங்குவில் கோப்பை உண்டு, பரிசு உண்டு. ஆனால் அதன் அஸ்திவாரம் நம் கண்மாயின் அஸ்திவாரமேதான். விழா நடக்கும் ஆற்றுப் பகுதியில் மற்ற நாட்களில் மீன் பிடிக்க அனுமதி இல்லை. "சார்க்கின் ருவா", அதாவது நீருக்குத் தலைவர், என்ற பட்டம் பெற்ற ஒருவர் அந்த நீரைக் காக்கிறார். நம் ஊர் அம்பலக்காரரும் அவரும் சந்தித்தால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வார்கள்! 2010-க்குப் பிறகு பத்து வருஷம் தடைப்பட்டுப் போன அந்த விழாவை 2020-ல் மறுபடி நடத்தினார்கள் என்பதும் நாம் நினைவில் வைக்கத்தக்கது. நின்றுபோனதை மீட்க முடியும்.

கல்வெட்டில் ஒரு சொல்

கண்மாய் மீனுக்கும் ஊர்ப் பொது வாழ்வுக்கும் உள்ள சம்பந்தம் நேற்று உண்டானதல்ல. உத்தரமேரூர்க் கோயில் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ஆம் வருஷங்களைச் சேர்ந்தவை. கிராம சபைக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்பது பற்றி அவை கூறுவதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்தச் சபையின் குழுக்களில் ஏரி வாரியம் என்பதும் ஒன்று. ஏரியின் கரையையும் மடையையும் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு குழு!

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் "பாசிப்பாட்டம்" என்று ஒரு வருமானம் குறிக்கப்படுகிறது. நீர்நிலையில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தும் வரி அது. பாசியும் மீனும் ஒரு நீரில் வாழ்வதால் ஒன்றின் பெயர் மற்றதற்கும் ஆகிவந்தது போலும். இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஆயிரம் வருஷம் கழிந்த பிறகும் அந்தச் சொல் சாகவில்லை. இன்றைக்கும் கிராமங்களில் ஏரி மீனை ஏலம் விடுவதற்கு "மீன்பாசிக் குத்தகை" என்றுதான் பெயர். ராஜாக்கள் போய்விட்டார்கள், பாசி மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

ஏரியைக் காக்கும் வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். குடிமக்கள் தாங்களே மண்வெட்டி எடுத்துக் கரையை உயர்த்துவதும், வரத்துக் காலைத் தூர் எடுப்பதும், கோடையில் வற்றிய ஏரியின் வண்டலை வாரி வயலுக்கு எருவாக இடுவதும் அதில் அடக்கம். இந்த வழக்கம் தளர்ந்து வந்தபோது, ஆங்கில சர்க்கார் 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். பிரியமாகச் செய்த வேலையைச் சட்டத்தின் மிரட்டலால் செய்ய வைக்கப் பார்த்தார்கள்; எதிர்பார்த்த பலன் விளையவில்லை. பிறகு 1948-ல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன்களின் ஆதிக்கம் ஒழிந்தது நல்லதே. அவர்கள் வசமிருந்த கண்மாய்கள் சர்க்காருக்கு உரிமையாயின. 100 ஏக்கருக்கு மேல் பாசனமுள்ளவை பொதுப்பணி இலாகாவுக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் என்று பிரிவினை ஏற்பட்டது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன என்பது கணக்கு. அத்தனைக்கும் சொந்தக்காரர் காகிதத்தில் இருக்கிறார். கரையில் நிற்பவர் யார் என்பதுதான் கேள்வி.

குத்தகையா, கூட்டு வேட்டையா?

1957-ஆம் வருஷம் ஜூலை மாதம் 10-ந் தேதி, ஒரிஸ்ஸாவில் உள்ள கட்டாக்கில், ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி ஓர் அரிய காரியம் சாதித்தார். மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சத்தை ஊசி மூலம் செலுத்தி, குளத்து நீரில் முட்டையிடாத கெண்டை இன மீன்களை முட்டையிடச் செய்தார். அதற்கு முன் கட்லா, ரோகு முதலியவற்றின் குஞ்சுகள் வேண்டுமானால் நதிகளில் போய் அரித்தெடுக்க வேண்டும். அதற்குப் பின் பண்ணைகளில் வேண்டுமளவு குஞ்சு பொரிக்க முடிந்தது. தேசத்தின் உணவுக்கு அது பெரிய உபகாரம். அந்த நாளை இன்றும் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் எந்த நன்மையும் தனியே வருவதில்லை. குஞ்சு வாங்கி விட்டால் லாபம் உண்டு என்று தெரிந்ததும் கண்மாய் மீனின் மதிப்பு உயர்ந்தது. மதிப்பு உயர்ந்ததும் ஏலத் தொகை ஏறியது. ஏலம் எடுத்தவர் பணம் போட்டவர். அவர் குஞ்சு விடுகிறார், காவல் போடுகிறார், வளர்ந்ததும் பெரிய வலை கொண்டு வாரி எடுத்துச் சந்தைக்கு அனுப்புகிறார். அவர் மீது குற்றமில்லை; ஊராட்சிக்கு அவரால் வருமானமும் வருகிறது. ஆயினும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிமேல் அந்த மீன் வேற்றான் சொத்து. வரத்துக் காலில் சீமைக் கருவேல் முளைத்தால் யாருக்கு என்ன? கரையில் ஓட்டை விழுந்தால் யாருக்கு என்ன? சில இடங்களில் திருவிழாவுக்கு வெள்ளை வீசிய பிறகுதான், முன்பே வலை போட்டு எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று தெரிகிறது. தூரத்திலிருந்து வந்த ஜனங்கள் சேற்றைப் பூசிக்கொண்டு வெறுங்கூடையோடு திரும்புகிறார்கள்.

இதற்கு மாற்று இல்லாமற் போகவில்லை. சில கிராமங்களில் ஊராரே பொதுப் பணம் திரட்டி மீன் குஞ்சு வாங்கிக் கண்மாயில் விடுகிறார்கள். பிறகு கட்டுப்பாடாகக் காத்து, கோடையில் எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். புதிய விஞ்ஞானமும் பழைய விரதமும் அங்கே கைகோத்து நிற்கின்றன.

திருவிழாவைப் புகழும்போது அதன் குறைகளை மறைப்பது நியாயமன்று. பழைய கிராமத்தில் நீருக்கு எல்லோரும் சம உரிமையாளராக இருந்தார்கள் என்று கற்பனை செய்ய வேண்டாம். குடிநீர்க் கிணற்றுக்கே வேலியிட்ட சமூகம் நம்முடையது. இன்று ஜாதி, மத வித்தியாசம் பாராமல் எல்லோரும் ஒரே சேற்றில் இறங்குகிறார்கள் என்பது திருவிழாவின் பழம்பெருமையைக் காட்டிலும் பெரிய பெருமை. அதை அப்படியே காப்பாற்ற வேண்டும். அடுத்தது, கூட்டம். கண்மாயின் ஆழம் அறியாத வெளியூரார் ஆயிரக்கணக்கில் இறங்கும்போது ஆபத்து நேரலாம். 2020, 2021-ஆம் வருஷங்களில் கொள்ளை நோய்க் காலத்தில் கூட்டம் கூடக் கூடாதென்று தடை இருந்தும், சில ஊர்களில் கண்மாய் அழித்துப் போலீஸ் வழக்கில் அகப்பட்டார்கள். ஊர்க் கட்டுப்பாட்டை அறிந்தவர்களுக்கு உலகக் கட்டுப்பாடும் தெரிந்திருக்க வேண்டும்.

இயற்கைக்கு இதனால் தீங்கில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. திருவிழா நடக்கும் பருவத்தைக் கவனித்தால் விடை கிடைக்கும். கண்மாய் வற்றும் தறுவாயில் இருக்கிறது. இன்னும் சில நாள் போனால் வெயிலும் கொக்கும் நாரையும் அந்த மீன்களை முடித்துவிடும். மீன்கள் முட்டையிடும் மழைக் காலத்தில் யாரும் கை வைப்பதில்லை. சேற்றில் புதைந்து தப்பிய விராலும் கெளுத்தியும், புது வெள்ளத்தில் ஏறி வரும் ஏற்று மீனும் அடுத்த வருஷத்துக்கு விதையாகின்றன. வெடியும் விஷமும் இட்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டமே விலக்கியிருக்கிறது. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும் கண்மாயில் அந்தப் பாதகத்தைச் செய்ய யாருக்கும் துணிவு வராது. உண்மையான அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது. சர்க்கார் தடை செய்துள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி யாராவது ஒருவர் பேராசையால் நீரில் புகுந்துவிட்டால், அது நாட்டு மீன்களையெல்லாம் விழுங்கிவிடும். கண்மாயில் என்ன மீன் இருக்கிறது என்பதை வருஷத்துக்கு ஒரு தரமாவது ஊர் முழுதும் இறங்கிக் கண்ணால் பார்க்கிற இந்த வழக்கம், ஒருவிதத்தில் தணிக்கை போன்றது.

பாவும் ஏரியும்

இனி, நம் ஆரணிக்கு வருவோம். இவ்வூர் நெசவாளர் தெருவில் விடியற்காலையில் நடந்து போனவர்கள் பாவு நீட்டும் காட்சியைப் பார்த்திருப்பார்கள். தெருவின் நீளத்துக்கு இழைகள் விரிந்து கிடக்கும். ஒரு வீட்டாரால் மட்டும் ஆகும் காரியம் அல்ல அது. அண்டை வீட்டார் வந்து கை கொடுக்க வேண்டும். இன்று இவர் பாவுக்கு அவர் வருவார், நாளை அவர் பாவுக்கு இவர் போவார். பாவு நீட்டியிருக்கும் நேரத்தில் வண்டிக்காரர் கூட ஒதுங்கிப் போவார். அந்தப் பட்டு யாருடையது, அதன் கூலி யாருக்குச் சேரும் என்று எவரும் அப்போது கேட்பதில்லை. இழை அறுந்தால் எல்லோருக்கும் நஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஏரியும் ஒரு பாவுதான். வரத்துக் காலும், கரையும், மடையும், வயலும், மீனும் அதன் இழைகள். எங்கள் ஜில்லாவிலும் ஏரிகளுக்குக் குறைவில்லை. ஏரிப் பாசனத்தை நம்பியே வட ஆற்காட்டுக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 2017 முதல் தமிழ்நாட்டு சர்க்கார் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கி ஏரிகளைத் தூர் எடுக்க முனைந்தார்கள். பணம் கொடுத்தால் மண்ணை எடுத்துவிடலாம். எடுத்த பின் மறு வருஷம் அந்த ஏரியை எட்டிப் பார்க்க மனிதரை வரவழைப்பது எப்படி? பாண்டிய நாட்டுக் கிராமத்தார் அதற்கு ஓர் உபாயம் கண்டிருக்கிறார்கள். ஏரிக்குள் எல்லோருக்கும் சொந்தமான ஒரு மீனை விட்டு வைத்தார்கள். எல்லோரும் ஏரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்!

மீன்பாசிக் குத்தகை விடும் ஊராட்சிகள் ஒரு சிறு நிபந்தனை சேர்க்கலாம். குத்தகைக் காலம் முடிந்து ஏரி வற்றும் வேளையில், ஒரு நாள் காலை மட்டும் ஊராருக்குத் திறந்துவிட வேண்டும். அதற்கு வேண்டிய மீனை விட்டுவைக்க வேண்டும். அன்றைய தினம் இறங்க விரும்புகிறவர்கள் அதற்கு முந்திய மாதத்தில் வரத்துக் காலுக்கு ஒரு கூடை மண் எடுத்துப் போட்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, கூடையில் விழும் மீன்களின் பெயரையும் இனத்தையும் எழுதி வைக்கச் செய்தால், எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் அவர்களுக்குக் கிடைக்கும். குத்தகைக்காரருக்கு இதனால் பெரிய நஷ்டம் வராது. ஊருக்கு வரும் லாபமோ ஏலக் கணக்கில் எழுத முடியாதது.

மேல்நாட்டுக் கடற்கரையில் அலையோடு போராடித் தூண்டில் வீசுவோருக்குக் கோப்பை கிடைக்கிறது; அது கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கும். நம் கண்மாய்க் கரையில் கிடைப்பது ஒரு வேளைக் குழம்பு. மறு நாளே தீர்ந்துபோகும். குழம்பு தீர்ந்த அன்றே ஜனங்கள் வானத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். மழை பெய்ய வேண்டும், கால் வழியாகத் தண்ணீர் வர வேண்டும், கண்மாய் நிறைய வேண்டும், மறுபடியும் விரதம் ஆரம்பமாக வேண்டும்.